பிளேட் சுத்தமாகத்தான் இருந்தது

டுலூத்
மே 27, செவ்வாய்

அன்புள்ள ஆர்லனுக்கு,

நீ எந்த ஊரில், எந்த மோட்டலில் இருக்கிறாய் என்பதே எனக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் உன் பயணத் தாளைப் பார்த்துத்தான் தெரிகிறது. அதன்படி இந்தக் கடிதம் ஒமாஹாவுக்குப் போகிறது. நீ போய் இறங்குவதற்குள் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். போனில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அம்பயரான உன் சட்டம். கடிதத்தில் பேசக்கூடாது என்று நீ இதுவரை சொன்னதில்லை. அந்த ஓட்டையை வைத்துக்கொண்டுதான் பதினோரு வருஷமாக நானும் எழுதித் தீர்க்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நிலவறையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டு கஸ் வந்து பார்த்துவிட்டு, "இதை உம் புருஷன் ரிப்பேர் பண்ணினானா? அதான் இப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் உனக்காக வாதாடவில்லை. ஏரியிலிருந்து வரும் பனிமூட்டம் மே முடியப்போகிறபோதும் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது. துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளாகக் கொடியிலேயே ஈரமாகக் கிடக்கிறது.

இனி ஆட்டம். போன வாரம் டெஸ் மாயினில் உன் முகமூடியில் பந்து பட்டதைப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, அந்தச் சத்தம் கம்ப்யூட்டர் வழியாக வந்தபோது கையிலிருந்த சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். பேட்டில் உரசிய பந்து நேராக வந்து உன் வலது கண்ணுக்கு எதிரே இருக்கும் கம்பியில் அடித்தது. உன் தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. நீ விழவில்லை. உன் முன்னால் குந்தியிருந்த கேட்சர் பினேடா, நல்ல பையன், உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து, பந்தெறிகிற பிட்சரிடம் மெதுவாக நடந்தான். அங்கே போய்ப் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கப் போனான். அவர்கள் மேல் பந்து பட்டால் நீ குனிந்து, மண்ணில் பதித்திருக்கும் அந்த வெள்ளை பிளேட்டைத் துடைப்பாய், உன் மேல் பட்டால் அவர்கள் பிட்சரிடம் நடப்பார்கள். உங்கள் உலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே மரியாதை அதுதான்.

அதற்கப்புறம் வந்ததுதான் வயிற்றெரிச்சல். கேமரா வைத்துப் பந்தை அளக்கும் அந்தப் பாழாய்ப்போன மெஷின் உன் தீர்ப்பை மூன்று முறை மாற்றியது. ஒரு ஆட்டத்தில் மூன்று! அதற்கு முன் மூன்று ஆட்டத்தில் சேர்த்து ஒன்றுதானே? பெரிய திரையில் அந்தப் பந்து படமாக ஓடி, கட்டத்துக்குள் விழுகிறதா வெளியே விழுகிறதா என்று காட்டும்போது, ஊரே ஓவென்று கத்துகிறது. ஒருவன், "யோவ் அம்பயர்! கண்ணு எங்கய்யா, கார்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று கத்தினது மைக்கிலேயே கேட்டது. நான் கம்ப்யூட்டரைப் பார்த்து அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அரை அங்குலத்துக்கும் குறைவு, ஆர்லன். அரை அங்குலத்தை மணிக்குத் தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் எந்த மனுஷன் பார்ப்பான்? வியர்வையும் இல்லை, முட்டிவலியும் இல்லை, அது பாட்டுக்குக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பார்த்து இளிக்கிறது.

மறுநாள் போனில் நீ, கண்ணை மூடினால் ஓரத்தில் நட்சத்திரம் பளிச்சிடுகிறது என்றாய். நான், "பரவாயில்லையே, உன் ரூம்ல டிவி வேலை செய்யலைன்னு சொன்னியே" என்றேன். நீயும் சிரித்தாய். அடிபட்டால் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். அம்பயர்களை எடைபோடும் கார்மைக்கேல் ஜூன் மாதத்தில் உன்னைப் பார்க்க வருகிறார் என்றாய். மேல் மட்ட லீகில் ஒரு அம்பயர் பாதி சீசனிலேயே ஓய்வு பெறுகிறார், ஒரே ஒரு இடம், நீயும் இன்னும் இரண்டு பேரும் வரிசையில். இந்த வருஷம் மேலே கூப்பிடாவிட்டால் அடுத்த வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் தலைவலி, நட்சத்திரம் என்றெல்லாம் யாரிடமும் வாயைத் திறக்காதே. லீவு கேட்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு ஜூனைத் தாண்டிவிடு. பதினோரு வருஷம் தாண்டியவனுக்கு ஒரு மாதம் பெரிதா?

முட்டிக்குக் களிம்பு போடு. மோட்டல் காபியைக் காலி வயிற்றில் குடிக்காதே. உன்னைப் பார்த்துக் கத்துகிறவர்களின் தொண்டை வறண்டு போகட்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

உன் ப்ரிட்டா


டுலூத்
ஜூன் 8, ஞாயிறு

அன்பு ஆர்லன்,

இது இண்டியானாபோலிஸுக்கு. போன கடிதத்தின் குரலை இதில் எதிர்பார்க்காதே. இரண்டு நாளாக இதை மனதுக்குள் எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இன்றுதான் தாளில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், க்ளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் டெலோரிஸைக் கூட்டி வந்திருந்தேன். காட்டரிசி சூப் வைத்து, உன் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று. அவள் பிறந்ததிலிருந்து ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி ப்ரிட்டா, அந்தப் பையன் எதுக்கு மண்டையத் தட்டிக்கிறான்? பேன் கடிக்குதா?" எனக்குச் சிரித்து மாளவில்லை. பிளேட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருக்கிறது, பந்து அதற்குள் வந்தால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால், அதைச் சொல்வதுதான் அம்பயர் வேலை; அவர் சொன்ன தீர்ப்பு தப்பு என்று நினைத்தால் பேட்டரோ, பிட்சரோ, கேட்சரோ உடனே தலையைத் தட்ட வேண்டும், அப்போது மெஷினிடம் கேட்பார்கள் என்று சொன்னேன். ஒரு அணி இரண்டு முறை தோற்றால் அதற்கப்புறம் தட்ட முடியாது, மெஷின் அவர்கள் பக்கம் பேசினால் அந்த வாய்ப்பு அப்படியே இருக்கும். யாரையும் கேட்டுக்கொண்டு தட்டக்கூடாது, வெளியிலிருந்து யாரும் சாடை காட்டக்கூடாது, யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. அவன் கண்ணால் பார்த்ததை அவனே நம்பித் தட்ட வேண்டும். டெலோரிஸ், "நல்ல சட்டமா இருக்கே. எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு வேணும்" என்றாள்.

அன்று அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மெஷின் ஐந்து முறை உன் தீர்ப்பை மாற்றியது. டெலோரிஸ் ஐந்தாவது முறை குனிந்து சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வர்ணனையாளர், "பாவம், ஆர்லனுக்கு இன்னிக்கு நாள் சரியில்ல" என்று பரிதாபப்பட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் போன பிறகு கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். மே இருபதிலிருந்து நீ பிளேட்டுக்குப் பின்னால் நின்ற ஆட்டங்கள் ஐந்து. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மெஷின் மாற்றிய ஒவ்வொரு பந்தையும் பழைய காலண்டரின் பின்பக்கம் ஒரு கட்டம் வரைந்து பென்சிலால் புள்ளி வைத்தேன். எதற்குத் தெரியுமா? மெஷின்தான் கோணல் என்று நிரூபித்து லீக் ஆபீசுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுத. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி சிதறிக் கிடக்கும், பார், உங்கள் மெஷினுக்கு ஒரு நிதானமே இல்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன்.

பத்தொன்பது புள்ளி, ஆர்லன். சிதறவில்லை. பதினாறு ஒரே மூலையில் இருக்கின்றன. திரையில் பார்க்கும்போது இடது கீழ் மூலை. கேமரா உனக்கு எதிரே இருக்கிறது, அதனால் உனக்கு அது வலது கீழ் மூலை. பேட்டர் வலக்கை ஆட்டக்காரனாக இருந்தாலும் அங்கேதான், இடக்கை ஆட்டக்காரனாக இருந்தாலும் அங்கேதான். ஆள் மாறினான், பிட்சர் மாறினான், ஊர் மாறியது. மூலை மாறவில்லை. உள்ளே வந்ததை வெளியே என்றிருக்கிறாய், வெளியே போனதை ஸ்ட்ரைக் என்றிருக்கிறாய். முதல் ஆட்டத்தில் அரை அங்குலம் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று அங்குலம்.

அதைப் பார்த்த பிறகு வெள்ளிக்கிழமை ஆட்டத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன். இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். ஏழாவது இன்னிங்ஸில் நீ ஆட்டத்தை நிறுத்தி, முன்னால் வந்து, பிட்சருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பையிலிருந்து சின்ன பிரஷ்ஷை எடுத்து பிளேட்டைத் துடைத்தாய். மெதுவாக, நாலு மூலையும். யார் மேல் பந்து பட்டது என்று பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். யார் மேலும் படவில்லை. யாரும் சறுக்கி வந்து மண்ணைக் கிளப்பவில்லை, மழை இல்லை, காற்று இல்லை. பிளேட் சுத்தமாகத்தான் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் மறுபடி துடைத்தாய். ஒன்பதில் இரண்டு முறை. கேமரா கிட்டே வந்தபோது குனிந்திருந்த நீ வலது கண்ணை இறுக்கி மூடி மூடித் திறந்தாய்.

வலிக்கிறவனுக்கு நேரம் கொடுக்கத்தானே துடைப்பாய்? யாருக்கு நேரம் கொடுத்தாய்?

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வருஷமாக ஒரு கண் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். என் போனுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அதில் உள்ளதைக் கேட்காமல் போனை வைக்கக்கூடாது. "பளிச்சு பளிச்சுன்னு வெளிச்சம் தெரியுதா? புதுசா கறுப்பா ஏதாச்சும் மிதக்குதா? ஓரத்துலேர்ந்து திரை மாதிரி மறைக்குதா?" ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கேட்கிறேன். போன வாரம் ஒரு மரம் வெட்டுகிறவர் முதல் கேள்விக்கு ஆமாம் என்றதும், பேரைக்கூட முழுசாக எழுதாமல், "வண்டிய நீங்க ஓட்டாதீங்க, யாரையாவது கூட்டிட்டு உடனே வாங்க" என்று கத்தினேன்.

என் புருஷன் நட்சத்திரம் தெரிகிறது என்று சொன்னான். நான் ஜோக் அடித்தேன். போதாததற்கு யாரிடமும் சொல்லாதே என்று கடிதம் வேறு எழுதினேன். அதை நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்கு வியாக்கியானம் வேண்டாம். அந்த மூன்று கேள்விக்கும் ஆமாம், இல்லை என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதச் சொல்கிறேன். உன் இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. லென்ஸ் போட்டுத்தான் ஒவ்வொரு வருஷமும் டெஸ்டைத் தாண்டுகிறாய். உனக்கு உள்ளது அந்த வலது கண் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு விளையாடாதே.

காலண்டர் தாளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். பதிலுக்காகத் தபால் பெட்டியை நாளுக்கு நாலு முறை திறந்து பார்த்துக்கொண்டிருக்கப்போகும்,

ப்ரிட்டா


செயின்ட் பால்
ஜூன் 17, செவ்வாய், பிற்பகல் மூன்றே கால்

ஆர்லன்,

கவரில் தபால்தலை இல்லையே என்று பார்க்காதே. இந்தக் கடிதம் மைதானத்தின் கார் நிறுத்தத்தில் எழுதப்படுகிறது. ஆமாம், நான் இங்கே இருக்கிறேன். பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும்போது தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது உன் இன்னொரு சட்டம். பதினோரு வருஷம் மதித்தேன். இன்று மீறுகிறேன். கோபப்பட வேண்டுமானால் முழுதும் படித்துவிட்டுப் படு.

உன் கார்டு சனிக்கிழமை வந்தது. "எல்லாம் நலம். 17ஆம் தேதி செயின்ட் பாலில் கார்மைக்கேல் வருகிறார். அன்று பிளேட்டுக்குப் பின்னால் நான். அதற்குப் பிறகு உன் டாக்டரிடம் வருகிறேன்." மூன்று கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இல்லை என்று பொய் எழுதக்கூட உனக்கு மனசு வரவில்லை பார், அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தானே உன்னைக் கட்டிக்கொண்டேன்.

நேற்று டாக்டர் லிண்ட்க்விஸ்டிடம் போய் நின்றேன். ஒரு பேஷண்ட், முகத்தில் அடி, நாலு வாரம், பளிச்சென்று வெளிச்சம், பார்வையில் ஒரு மூலை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "ப்ரிட்டா, இந்த பேஷண்ட் ஏன் இன்னும் இங்க இல்ல?" என்றார். வேலை இருக்கிறதாம், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வருவாராம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆர்லனா?" என்றார். அப்புறம் சொன்னார்: "விழித்திரை கிழிஞ்சு உரிஞ்சிட்டு வருதுன்னு நினைக்கிறேன். பார்க்காம உறுதியா சொல்ல முடியாது. நடுப்பார்வை இன்னும் இருக்குதுன்னா அது அவனோட அதிர்ஷ்டம். அது இன்னிக்கும் போகலாம், நாளைக்கும் போகலாம். போயிட்டா அப்புறம் நான் ஒட்ட வைக்கலாம், பழைய கண்ணக் குடுக்க முடியாது. இன்னொரு அடி பட வேண்டாம், ஓடக்கூட வேண்டாம்னு சொல்லு." அவருக்குத் தெரிந்த அறுவை டாக்டர் ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். மைதானத்திலிருந்து பத்து நிமிஷம். பேசிவிட்டார். ஐந்து மணியிலிருந்து அவர் உனக்காகக் காத்திருப்பார். உன் ஆட்டம் ஆறு முப்பத்தேழுக்கு.

இதையெல்லாம் நேற்றே போனில் சொல்ல நாலு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. ஐந்தாவது முறை என் போன் அடித்தது. உன்னோடு மூன்றாம் பேஸில் அம்பயராக நிற்கிற டாமியன். நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றும், தான் கூப்பிட்டது தெரிந்தால் கொன்றுவிடுவாய் என்றும் சொன்னான். அவனைத் திட்டாதே, தயவுசெய்து. பினேடா அவனிடம் தனியாக வந்து சொன்னானாம். "பாஸ், உங்க ஆளு கீழ் மூலையில பந்தப் பார்க்கல. என் கிளவ் எங்க நிக்குதுன்னு பார்த்து சொல்றாரு. சந்தேகம் வந்துச்சு, ரெண்டு தடவ வெளிய போன பந்தப் பிடிச்சு, வேணும்னே கிளவ்வ உள்ள இழுத்துப் பார்த்தேன். ரெண்டும் ஸ்ட்ரைக்னாரு. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல." பினேடா தன் மேனேஜரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அணி ஆட்டத்துக்கு ஆட்டம் உன்னை ஏமாற்றி ஜெயித்திருக்கலாம். அதோடு, நீ கண்ணை மூடி மூடித் திறக்கும்போதெல்லாம் காரணமே இல்லாமல் எழுந்து பிட்சரிடம் நடந்திருக்கிறான். நீ சுத்தமான பிளேட்டைத் துடைத்தாய். அவன் பேச ஒன்றும் இல்லாத பிட்சரிடம் நடந்தான். நான் வாயை மூடிக்கொண்டிரு என்று கடிதம் எழுதினேன். உன்மேல் அன்பு வைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து உன் கண்ணை மறைத்தோம்.

மறைக்காதது அந்த மெஷின் ஒன்றுதான். மூன்று வருஷமாக அதற்கு நான் விட்ட சாபத்துக்கு அளவில்லை. உன் வேலையைத் தின்ன வந்த சனியன் என்றேன். இப்போதும் எனக்கு அதன்மேல் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. அது உனக்காகக் கவலைப்பட்டுச் சொல்லவில்லை, அதற்கு நீ யார் என்றே தெரியாது. ஆனால் பதினாறு முறை ஒரே இடத்தைத் தொட்டு, இங்கே, இங்கே, இங்கே என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் திட்டுகிற மும்முரத்தில் பார்க்கவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இன்னிக்கு ஒரு ராத்திரி, ப்ரிட்டா. மூணு மணி நேரம். அவ்வளவுதான்." உன் குரலிலேயே கேட்கிறது. நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கார்மைக்கேல் இன்று உன்னைப் பார்க்காவிட்டால் அந்த இடம் மற்ற இருவரில் ஒருவனுக்குப் போய்விடும். கண் அறுவை என்று எழுதிக் கொடுத்தால் இந்த சீசன் முடிந்தது. அடுத்த சீசனுக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள். முப்பத்தெட்டு வயதில், பதினோரு வருஷம் மோட்டல் படுக்கையில் படுத்துவிட்டு, ஒரு தடவைகூடப் பெரிய மைதானத்தில் நிற்காமல் வீட்டுக்கு வருவாய். அதை நான் சின்ன விஷயம் என்று சொன்னால் நீ என்னை நம்பவே கூடாது. நானும்தான் பதினோரு வருஷம் காத்திருந்தேன். அந்த நாளில் போட்டுக்கொள்ள என்று வாங்கிய நீலச் சட்டை இன்னும் அட்டையோடு அலமாரியில் தொங்குகிறது.

ஆனால் இதையும் யோசி. இன்று நீ மூன்று மணி நேரம் நின்றால் கார்மைக்கேல் எதைப் பார்ப்பார்? அந்த மூலையைத்தான் பார்ப்பார். கண் சரியில்லை என்று அவருக்குத் தெரியாது. ஆர்லனுக்கு இனி வேலை வராது என்று எழுதிக்கொண்டு போவார். நோயை உன் திறமைக் குறைவாக ஊரே எடுத்துக்கொள்ளும். நீ ஒரு நல்ல அம்பயர். என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. மே இருபதுக்கு முன்னால் உள்ள ஆட்டங்களையும் இரண்டு நாளாக உட்கார்ந்து புள்ளி வைத்துவிட்டேன். அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், பார். கிட்டத்தட்ட வெறுந்தாள்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதை எழுதக் கை வரவில்லை. கீழ் மூலையிலிருந்து உரசிக் கிளம்பும் பந்தை உன்னால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததற்கு எப்படித் தலையைத் திருப்புவாய்?

நேரில் வந்து சொல்லாமல் ஏன் கடிதம் என்றால், முதலாவது உங்கள் அறைக்குள் என்னை விட மாட்டார்கள். இரண்டாவது, விட்டாலும் வர மாட்டேன். நேரில் நின்றால் நீ ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாய். அப்படித்தான் எல்லாவற்றிலும் ஜெயித்திருக்கிறாய். உடை அறையைப் பார்த்துக்கொள்ளும் வால்ட் என்கிற பெரியவரிடம் இதைக் கொடுக்கப்போகிறேன். முதலில் முடியாது என்றார். "அம்பயருக்குப் பொண்டாட்டி கடிதாசியா? ஆட்டத்துக்கு முன்னாடியா? என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கம்மா" என்றார். நான் அழுததைப் பார்த்து, "சரி, வழுக்காம இருக்க புதுப் பந்துக்கெல்லாம் சேறு தடவி முடிச்சு அவர் கையைக் கழுவுறப்போ குடுக்கிறேன்" என்றார். அதனால் உன் கை ஈரமாக இருக்கும்போது இதைப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்து மணி வரை வடக்கு வாசலில் காரில் இருப்பேன். நீ வரவில்லை என்றால் உள்ளே வருவேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். பிளேட்டுக்குப் பின்னால் ஆறாவது வரிசை, நீ கூட்டத்தின் பக்கம் திரும்பி நிற்கும்போது உன் இடது பக்கம். வலது பக்கம் இதைவிட நல்ல இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் நீ என்னைப் பார்க்காமல் போய்விடுவாயோ என்று பயந்து வாங்கவில்லை.

தேசிய கீதம் முடிந்ததும் நீ முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, பிளேட்டைத் துடைக்க எங்கள் பக்கம் திரும்பிக் குனிவாய். நிமிரும்போது என்னைப் பார். எழுந்து நிற்பேன். நான் தலையைத் தட்டுவேன், ஆர்லன்.

உடனே தட்ட வேண்டும் என்பது விதி, எனக்குத் தெரியும். நான் நாலு வாரம் தாமதம். யாரையும் கேட்காமல் தட்ட வேண்டும் என்பதும் விதி. நான் டாக்டரைக் கேட்டேன், டாமியனைக் கேட்டேன், அந்த மெஷினைக்கூடக் கேட்டேன். எந்தக் கணக்கில் பார்த்தாலும் என் சாலஞ்ச் செல்லாது. இருந்தாலும் தட்டுவேன். கண் இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று நீ முடிவு செய்தாயே, அந்தத் தீர்ப்பு தப்பு.

இந்தத் தடவை பெரிய திரையில் படம் எதுவும் ஓடாது. பார்த்துச் சொல்ல வேண்டியவன் நீ ஒருவன்தான். முகமூடியை டாமியன் கையில் கொடுத்துவிட்டு வா. கார் சாவி என் கையில் இருக்கிறது.

உன் இடது பக்கம், ஆறாவது வரிசையில்,

ப்ரிட்டா